ஆதிரை என்று பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கலாமா? பெயரின் வேர், நட்சத்திரம், ஆங்கில எழுத்து

பொருநைக்கரை கேட்டது:

வணக்கம். பிறந்து இருபது நாளான பெண் குழந்தைக்கு 'ஆதிரை' என்ற பெயர் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. பிறப்புப் பதிவு மருத்துவமனையிலிருந்து போய்விட்டது. பெயர்க் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நிரப்பும் முன் விவரம் தெரிந்தவர்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது மணிமேகலையில் வரும் பெயர் என்கிறார்கள், நட்சத்திரப் பெயர் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா? குழந்தை பிறந்தது அனுஷத்தில். திருவாதிரையில் பிறக்காத பிள்ளைக்கு அந்தப் பெயர் ஆகாது என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் ஆங்கில எழுத்துதான். வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். எது பிற்காலத்தில் தொல்லை தராது?

---

புகார்நகரத்தாள் பதில்:

இரண்டும் ஒன்றுதான். மூத்தது விண்மீன் பெயர். அதே பெயரைத் தாங்கி மணிமேகலையில் ஒரு பெண் வருகிறாள்.

விண்மீனைப் பரிபாடலின் 11ஆம் பாடலிலேயே காணலாம். நல்லந்துவனார் வையையைப் பாடும்போது, முழுநிலவோடு கூடிய நாளை 'மறு நிறை ஆதிரை' என்று குறிக்கிறார். அங்கே 'திரு' கிடையாது, வெறும் ஆதிரைதான். அப்பரும் நான்காம் திருமுறையில் 'ஆரூர் ஆதிரை நாளால்' என்றே பாடுகிறார். இருபத்தேழு நட்சத்திரங்களில் சிவனுக்குரிய ஆதிரைக்கும் திருமாலுக்குரிய ஓணத்துக்கும் மட்டும் 'திரு' அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. 'திருவாதிரையைச் சுருக்கி வைத்தீர்களா?' என்று யாராவது கேட்டால், சுருக்கம் இல்லை, மூலச்சொல்லே இதுதான் என்று சொல்லுங்கள்.

மணிமேகலையில் 16ஆவது காதைக்குப் பெயரே 'ஆதிரை பிச்சையிட்ட காதை'. புகாரில் வாழ்ந்தவள் ஆதிரை. கணவன் சாதுவன் கணிகை ஒருத்தியிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்துவிட்டு, வணிகரோடு கப்பலேறிப் போகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையில் கரை சேர்கிறான். அவன் இறந்தான் என்று தப்பி வந்தவர்கள் சொல்ல, ஆதிரை தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. பிறகு அவன் திரும்பி வருகிறான். மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி முதல் பிச்சைக்கு எங்கே போவது என்று நின்றபோது, காயசண்டிகை கைகாட்டுவது இவள் வீட்டைத்தான்.

அந்தக் காதையின் முடிவை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மணிமேகலை வாசலில் 'புனையா ஓவியம் போல' நிற்கிறாள், இன்னும் வண்ணம் தீட்டாத கோட்டுச் சித்திரம் போல. ஆதிரை அவளைத் தொழுது வலம்வந்து, பாத்திரம் நிறைய இடுகிறாள்.

'பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென
ஆதிரை இட்டனள் ஆருயிர் மருந்தென்'

அமுதசுரபியில் விழுந்த முதல் சோறு இவள் கையால் விழுந்தது. உலகத்துப் பசி தீரட்டும் என்று சொல்லி இட்ட கை அது. பெயரைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. தீயிறங்கும் பகுதி இன்றைக்குப் பலருக்கு உவப்பாக இருக்காது, அது நியாயமும்கூட. பெண் வளர்ந்து கேட்கும்போது மறைக்காமல் முழுக்கதையையும் சொல்லுங்கள். 'தீயும் கொல்லாத் தீவினையாட்டியேன்' என்று நெருப்புக்குள் நின்று அவள் புலம்பும் வரி, காப்பியம் அவள் துயரத்தையும் மறக்கவில்லை என்பதைக் காட்டும்.

---

வானோக்கி பதில்:

நட்சத்திரப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஆதிரை என்பது ஓரியன் கூட்டத்தில் இருக்கும் செந்நிற விண்மீன். ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ் என்பார்கள். ஜனவரி மாதம் இரவு எட்டு மணி வாக்கில் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். அவற்றுக்கு இடப்பக்கம், அதாவது வடக்கே, தணல்போல் சிவந்து இருப்பது ஆதிரை. வலப்பக்கம் அதே தொலைவில் வெண்ணீலமாக மின்னுவது ரைஜல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் நிற வேறுபாடு கண்ணுக்கே தெரியும், தொலைநோக்கி வேண்டாம். குழந்தைக்கு மூன்று நான்கு வயதானதும் மாடிக்குத் தூக்கிப்போய் 'அதுதான் நீ' என்று காட்டலாம். எல்லாப் பெயருக்கும் இந்த வசதி கிடையாது.

திருவாதிரைத் திருநாள் ஏன் மார்கழியில் வருகிறது என்பதற்கும் வானத்தில் விடை இருக்கிறது. மார்கழியில் சூரியன் தனுசில் நிற்கும். அதற்கு நேர் எதிரே மிதுனத்தில் இருக்கிறது ஆதிரை. ஆகவே சந்திரன் ஆதிரையோடு சேரும் நாள் பௌர்ணமியை ஒட்டியே அமையும். சூரியன் மறையும்போது விண்மீன் கிழக்கே எழும், விடிய விடிய வானத்தில் இருக்கும். பரிபாடல் சொல்லும் 'மறு நிறை' அந்த முழுமதிதான். ஆடித் திருவாதிரை இதற்கு நேர்மாறு. அமாவாசைக்குச் சில நாள் முன்னதாகத் தேய்பிறையில் வரும். கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய முதலாம் இராசேந்திரனின் பிறந்தநாள் விழா அந்த நாளில் எடுக்கப்படுகிறது. இராமானுசருக்குச் சித்திரைத் திருவாதிரை. 'இது சைவப் பெயரா?' என்று வீட்டில் பேச்சு வந்தால் இதையும் சொல்லி வையுங்கள்.

2019 கடைசியில் இந்த விண்மீன் திடீரென்று மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு ஒளி குன்றியது. வெடிக்கப் போகிறது என்று செய்திகள் பரவின. விண்மீன் தானே உமிழ்ந்த தூசி மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெளிவாயிற்று. ஒருநாள் அது வெடிக்கும், ஆனால் அது மனிதக் கணக்கில் நெடுங்காலம். 'அழியப்போகிற நட்சத்திரத்தின் பெயர்' என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம்.

இனி அனுஷம். பெயரின் முதல் எழுத்தை நட்சத்திர பாதப்படி பார்ப்பவர்களுக்கு அனுஷத்துக்கு ந, நி, நு, நே. திருவாதிரைக்குச் சொல்லப்படுபவை கு, க, ங, ச. கவனியுங்கள், திருவாதிரையில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்தக் கணக்கில் 'ஆ' வராது. அகரம் கார்த்திகைக்கு உரியது. ஆகவே 'ஆதிரையில் பிறந்தால்தான் ஆதிரை' என்ற விதி எழுத்துச் சாத்திரத்திலேயே இல்லை. ரோகிணி, ரேவதி, சித்ரா, சுவாதி என்று பெயருள்ளவர்கள் எல்லாம் அந்தந்த நட்சத்திரத்திலா பிறந்தார்கள்? பெரியவர்கள் மனம் ஒப்பவில்லை என்றால், பெயர் சூட்டும் நாளில் காதில் சொல்லும் பெயரை 'ந' என்ற எழுத்தில் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஆதிரை இருக்கட்டும். இப்படிச் செய்யும் வழக்கம் ஏற்கெனவே உண்டு.

---

சான்றிதழ்க்கட்டு பதில்:

எழுத்துக் குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுங்கள். பெயர் நல்ல பெயர். இதில் தவறு நடப்பதெல்லாம் ஆங்கில வரியில்தான்.

வசதிக்காக ஒன்று: தமிழ்நாட்டுக்குப் போடும் எழுத்தை 'டீ' என்றும், தில்லிக்குப் போடும் எழுத்தை 'டி' என்றும் எழுதுகிறேன்.

ஏ ஒன்று மட்டும் போட்டு, டீ, எச் என்று போனால் அது 'அதிரை' என்று படிக்கப்படும். அதிரை என்பது அதிராம்பட்டினத்தின் செல்லப்பெயர். ஆதார் பதிவில் ஆங்கிலத்தைத் தட்டினால் தமிழ் வரியை மென்பொருள்தான் தானாக நிரப்பும். அங்கே ஊர்ப்பெயர் உட்கார்ந்துவிடும்.

ஏ இரண்டு போட்டு டீ, எச் என்றால் நெடில் காப்பாற்றப்படும். ஆனால் தகரம் அழுத்தமாகி 'ஆத்திரை' என்று ஒலிக்கும். ஆத்திரம் என்ற சொல் பக்கத்திலேயே நிற்பதால் பள்ளியில் பிள்ளைகள் விளையாட்டாகப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. இலங்கைத் தமிழர்கள் தகரத்துக்கு எங்கும் டீ, எச் போடுவது வழக்கம், அவர்களுக்கு இது இயல்பாகவே சரியாக ஒலிக்கும். யாழ்ப்பாணத்திலோ டொரண்டோவிலோ உறவுகள் இருந்தால் அவர்கள் இப்படித்தான் எழுதி அனுப்புவார்கள். தவறு என்று சொல்ல முடியாது, இரு மரபு.

எச் இல்லாமல் வெறும் டி போட்டால் 'ஆடிரை'. அதை விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் வளரப்போகும் குழந்தைக்கு என் தேர்வு: ஏ, ஏ, டி, எச், ஐ, ஆர், ஏ, ஐ. எட்டு எழுத்து. இரண்டு உயிருக்கு நடுவே வரும் தகரம் தமிழில் மெலிந்துதான் ஒலிக்கும். 'அது', 'இது' என்று சொல்லிப் பாருங்கள், அதே ஒலி. அதற்கு டி, எச் பொருந்தும். ஆதவன், ஆதினி என்ற பெயர்களையும் இங்கே பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்பதால் படிப்பவர் கண்ணுக்குப் பழகியதாக இருக்கும். வெள்ளைக்காரர் கடைசி ஏ, ஐயைப் பார்த்து 'ரே' என்று இழுக்கலாம். ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் திருந்திவிடும். அதற்குப் பயந்து கடைசி எழுத்தை மாற்ற வேண்டாம். ஐயை எடுத்துவிட்டு ஏயில் முடித்தீர்களானால் பெயர் 'ஆதிரா' ஆகிவிடும். அது கேரளத்தில் பரவலாக வழங்கும் பெயர். அதே விண்மீன்தான், நல்ல பெயர்தான், ஆனால் நீங்கள் தேர்ந்தது அதுவல்ல.

அடுத்து பதிவு. பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குமேல் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அவசரமில்லை, இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஏனென்றால் சேர்ப்பது எளிது, சேர்த்த பெயரை மாற்றுவது எளிதல்ல. எழுத்துப்பிழை என்று ஆதாரத்தோடு காட்டினால் திருத்துவார்கள். 'மனம் மாறிவிட்டது' என்றால் ஏற்க மாட்டார்கள். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் வந்துவிட்டது. பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாம் இந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் நடக்கும்.

விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் இரண்டையும் நீங்களே அச்செழுத்துப்போல் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லி எழுதச் சொல்லாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் மூன்று இடம் பாருங்கள்: முதல் எழுத்து நெடில் ஆ தானா, நடுவில் த் நுழைந்திருக்கிறதா, கடைசியில் ரை இருக்கிறதா அல்லது ரா, ரய் ஆகியிருக்கிறதா. பிழை இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். ஆதார் எடுக்கும்போதும் அப்படித்தான், திரையில் தமிழ் வரியைப் பார்த்து 'ஆதிரை' என்று இருந்தால் மட்டும் சரி சொல்லுங்கள். ஐந்து வயதில் கைரேகை பதியும் நாளில் இன்னொரு முறை பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள். 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் விடுகிறார்கள், ஆனாலும் விமான நிலையக் கவுன்ட்டரில் நின்று விளக்குவானேன்?

---

பொருநைக்கரை கேட்டது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தீயிறங்கும் பகுதி எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொண்டது நல்லது. இன்னும் இரண்டு சந்தேகம். எண் கணிதம் பார்ப்பவர் டியை டீ ஆக்கினால் எண் நன்றாக வரும் என்கிறார். வீட்டில் சிலர் இது தமிழ்ப் பெயரே அல்ல, வடசொல் என்கிறார்கள்.

---

சான்றிதழ்க்கட்டு பதில்:

அவரிடம் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இங்கே புழக்கத்தில் இருக்கும் சால்டியன் முறையில் டிக்கும் 4, டீக்கும் 4. ஏ, ஐ இரண்டுக்கும் 1, எச் 5, ஆர் 2. நான் சொன்ன எட்டெழுத்தைக் கூட்டினால் 16, அதாவது 7. டியை டீ ஆக்கினாலும் அதே 16. மாற்றத்தால் எண் அசையவே அசையாது, உச்சரிப்பு மட்டும் கெடும். கடைசியில் இன்னொரு ஏ சேர்க்கச் சொன்னால் 17 ஆகி 8 வரும். எட்டுக்கு அஞ்சி இன்னொன்று சேர்க்கச் சொல்வார்கள். இப்படித்தான் பெயர் நீளும்.

எண்ணில் நம்பிக்கை இருப்பவர்கள் மனத்தைப் புண்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் விரும்பும் எழுத்தை அழைப்பிதழிலும் வாசல் பலகையிலும் போட்டுக்கொள்ளட்டும். சான்றிதழில் மட்டும் ஒரே எழுத்து.

---

இலக்கணப்பித்தன் பதில்:

வடசொல்லா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஆம், ஆர்த்ரா என்ற வடசொல்லின் தமிழ் வடிவம்தான் ஆதிரை. ஈரம் என்று பொருள். சித்ரா சித்திரை ஆன மாதிரி ஆர்த்ரா ஆதிரை ஆயிற்று. ஆகார ஈறு ஐகாரமாகி, கூட்டெழுத்து உடைந்து நடுவில் ஓர் உயிர் புகுந்தது. இணையத்தில் 'அதிர்' என்ற வேரிலிருந்து வந்தது என்று எழுதுகிறார்கள். அதற்கு இலக்கண ஆதாரம் இல்லை, நம்ப வேண்டாம். பெயர்ப் பட்டியல் தளங்களில் 'தூய தமிழ்ப் பெயர்' என்ற தலைப்பின்கீழ் இது கிடப்பதும் சரியல்ல.

புகார்நகரத்தாள் பதில்:

மூலத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரிபாடல் காலத்திலிருந்து தமிழ் நாவில் உருண்டு, தமிழ் ஒலிமுறைக்கு முழுக்க வளைந்து, தமிழ்க் காப்பியத்தில் ஒரு பெண்ணுக்குப் பெயராகவும் ஆன சொல்லை அயல் என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. தனித்தமிழ்தான் வேண்டும் என்பது உறுதியான கொள்கையாக இருந்தால் தென்றல், கயல், நன்முல்லை பக்கம் போகலாம். இல்லையென்றால் ஆதிரை தமிழ்ப் பெயரேதான்.

இலக்கணப்பித்தன் பதில்:

அதில் நமக்குள் வேறுபாடு இல்லை. நானும் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பொய்யான வேர் சொல்லி வைக்க வேண்டாம் என்கிறேன்.

அழைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை, இது யாரும் சொல்லவில்லை. விளிக்கும்போது 'ஐ ஆய் ஆகும்' என்கிறது தொல்காப்பியம். அன்னை அன்னாய் ஆவது போல, கோதை கோதாய் ஆவது போல, ஆதிரை 'ஆதிராய்' ஆகும். தாலாட்டில் அப்படிப் பாடிப் பாருங்கள், நீட்டி இழுக்க வாகாக இருக்கும். அன்றாடப் பேச்சில் கடைசி ஐகாரம் குறுகி 'ஆதிரெ' என்று வரும். தாமரையைத் 'தாமரெ' என்கிறோமே, அதே குறுக்கம். அது பிழையல்ல, திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

செல்லப்பெயராக 'ஆதி' என்று சுருக்குவதைத்தான் யோசித்துச் செய்யுங்கள். ஆதித்யா, ஆதவன், ஆதிநாதன் எல்லோரும் வீட்டிலும் வகுப்பிலும் ஆதிதான். ஒரு குரலுக்கு நான்கு பேர் திரும்புவார்கள். மூன்றே எழுத்துள்ள பெயர், சுருக்கத் தேவையே இல்லை. குந்தவை, ஔவை, கோதை என்று ஐகாரத்தில் முடியும் பழைய பெண் பெயர்களின் வரிசையில் இதுவும் சேர்கிறது. பிற்காலத்தில் தங்கை பிறந்தால் அந்த வரிசையிலிருந்தே ஒரு பெயரை எடுக்கலாம், சேர்த்துக் கூப்பிட ஓசை பொருந்தும்.

---

பொருநைக்கரை:

முடிவாகிவிட்டது. டி, எச் எழுத்தே போடுகிறோம். காதில் சொல்லும் பெயராக 'ந' எழுத்தில் 'நங்கை' என்று பெரியவர்களே தேர்ந்துவிட்டார்கள். விண்ணப்பத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை கொடுக்கிறோம்.

சான்றிதழ்க்கட்டு பதில்:

வாழ்த்துகள். கொடுக்கும் முன் விண்ணப்பத்தை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் பிழை வந்தால், நீங்கள் எழுதிக்கொடுத்தது சரி என்று காட்ட அந்தப் படம் உதவும்.